சிங்கம் ஏன் கூட்டமாக வாழ்கிறது?

பூனைக் குடும்பத்தில் ஏறத்தாழ 40 இனங்கள் உள்ளன. புலி, சிறுத்தை தொடங்கிச் சிறிய காட்டுப்பூனைகள் வரை அவற்றில் பெரும்பாலானவை தனித்தே வாழ்பவை. இணை சேரும் சில நாள்களிலும், தாய் குட்டிகளை வளர்க்கும் காலத்திலும்தான் அவை ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். ஆணும் பெண்ணும் குட்டிகளுமாகத் தலைமுறை தாண்டி நிலைக்கும் கூட்டத்தில் வாழ்வது சிங்கம் ஒன்றுதான். இந்த விதிவிலக்குக்குக் காரணம் என்ன என்பது நெடுங்காலம் விடை தெரியாத கேள்வியாக இருந்தது.

விடை தேடும் பணி 1966இல் தான்சானியாவின் செரெங்கெட்டி சமவெளியில் தொடங்கியது. அங்கே ஜார்ஜ் ஷாலர் தொடங்கி வைத்த ஆய்வை பிரையன் பெர்ட்ராம், கிரெய்க் பேக்கர், ஆன் பியூசி முதலானோர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து நடத்தினர். ஒவ்வொரு சிங்கத்தின் கன்னத்திலும் மீசை முளைக்கும் இடத்துப் புள்ளிகள் வெவ்வேறு அமைப்பில் இருக்கும். ஒன்றின் அமைப்பு மற்றொன்றுக்கு இராது. அந்தப் புள்ளிகளையே கைரேகைபோல வைத்துக்கொண்டு தனித்தனிச் சிங்கங்களை அடையாளம் கண்டு, பிறப்பு முதல் இறப்பு வரை பதிவு செய்தனர். சிங்கத்தின் வாழ்க்கை பற்றி இன்று தெரிந்தவற்றில் பெரும்பகுதி இந்தப் பதிவுகளிலிருந்து வந்தது.

பெண்களின் கூட்டம்

வளர்ந்த ஆண் சிங்கம் பெரும்பாலும் 150 முதல் 225 கிலோ வரையும், பெண் 110 முதல் 150 கிலோ வரையும் எடை இருக்கும். பிடரியும் பருத்த உடலும் கொண்ட ஆணே கூட்டத்தின் தலைவன் என்று தோன்றினாலும், கூட்டத்தின் நிலையான உறுப்பினர்கள் பெண்களே. பாட்டி, தாய், பெரியம்மா, சித்தி, மகள் என்று இரத்த உறவுடைய பெண்கள் தாங்கள் பிறந்த நிலத்திலேயே வாழ்ந்து, அங்கேயே குட்டி போட்டு, அங்கேயே இறக்கின்றன. கூட்டத்தில் வளர்ந்த பெண்கள் இரண்டு மூன்றும் இருக்கலாம், பதினைந்துக்கு மேலும் இருக்கலாம். வெளியிலிருந்து வரும் ஆண்கள் சில ஆண்டுகள் உடனிருந்துவிட்டுப் போய்விடுகின்றன.

கூட்டம் எப்போதும் ஒன்றாகத் திரிவதில்லை. இரண்டு மூன்றாகப் பிரிந்து போவதும், இரை விழுந்த இடத்திலோ நிழலிலோ மறுபடி சேர்வதும் வழக்கம். சேரும்போது தலையோடு தலை உரசிக்கொள்வது அவற்றின் முகமன். ஓநாய்க் கூட்டத்தில் பெரும்பாலும் ஒரு தலைமை இணை மட்டுமே குட்டி போடும். பெண் சிங்கங்களுக்குள் அப்படி மேல்கீழ் இல்லை. எல்லாப் பெண்களும் ஏறத்தாழச் சமமாக இனம் பெருக்குகின்றன.

கூட்டமாகச் சேர்ந்தால் பெரிய இரையை எளிதில் வீழ்த்தலாம், அதனால்தான் சிங்கங்கள் சேர்ந்து வாழ்கின்றன என்பதே தொடக்க கால விளக்கம். கேட்க நியாயமாகத் தோன்றிய இந்த விளக்கம் கணக்குப் போட்டதும் ஆட்டம் கண்டது. தனியாக வேட்டையாடும்போது கிடைப்பதைவிட இரண்டு சேர்ந்தால் வெற்றி வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. அதற்குமேல் ஆள் கூடினாலும் வாய்ப்பு பெரிதாக ஏறுவதில்லை. பங்கு கேட்கும் வாய்கள்தான் கூடுகின்றன. 1990இல் பேக்கரும் அவருடைய குழுவினரும் ஒவ்வொரு சிங்கத்துக்கும் கிடைத்த இறைச்சியைக் கணக்கிட்டு, உணவு மட்டுமே கூட்டத்துக்குக் காரணமாக இருக்க முடியாது என்று காட்டினர்.

உண்மையான காரணங்கள் இரண்டு: நிலமும் குட்டியும். செரெங்கெட்டியில் எல்லா நிலமும் ஒரே தரம் அல்ல. ஓடைகள் கூடும் இடங்களில் கோடையிலும் தண்ணீர் தங்கும். கரையோரப் புதரில் குட்டிகளை ஒளித்து வைக்கலாம். தண்ணீர் தேடி வரும் விலங்குகளைப் பதுங்கியிருந்து பிடிக்கலாம். இத்தகைய இடங்கள் குறைவு, அவற்றுக்குப் போட்டி அதிகம். பெரிய கூட்டங்களே அவற்றைப் பிடித்துத் தக்கவைத்துக்கொள்கின்றன. அங்கு வாழும் பெண்களின் குட்டிகளே அதிக அளவில் பிழைக்கின்றன. தனித்து வாழும் பெண்ணோ ஓரத்து நிலத்துக்குத் தள்ளப்படுகிறது, அண்டைக் கூட்டத்தாரால் கொல்லப்படவும் நேர்கிறது.

கர்ஜனையும் எண்ணிக்கையும்

நிலத்துக்கு உரிமை கொண்டாடுவதில் கர்ஜனைக்கு முதலிடம். அமைதியான இரவில் அது 8 கிலோமீட்டர் வரை கேட்கும். கூட்டத்தாருக்கு அது 'இங்கே இருக்கிறேன்' என்ற அழைப்பு, அயலாருக்கு எச்சரிக்கை. எல்லையோரப் புதர்களில் சிறுநீரைப் பீய்ச்சி மணக்குறி இடுவதும் இதே நோக்கத்துக்காகவே.

கர்ஜனையிலிருந்து சிங்கங்கள் எதிரிகளின் எண்ணிக்கையையும் அறிகின்றன. 1990களின் தொடக்கத்தில் கேரன் மெக்கோம்ப் ஓர் எளிய சோதனை செய்தார். முன்பின் அறியாத ஒரு பெண் சிங்கத்தின் கர்ஜனையை ஒலிபெருக்கியில் போட்டபோது, அந்த நிலத்துப் பெண்கள் எழுந்து ஒலி வந்த திசையில் விரைந்தன. மூன்று பெண்கள் சேர்ந்து கர்ஜிக்கும் பதிவைப் போட்டபோது தயங்கி நின்றன. தூரத்தில் இருந்த தம் கூட்டத்தாரைக் கூவி அழைத்தன. தம் தரப்பில் ஆள் அதிகம் என்று உறுதியானால்தான் முன்னேறின.

இதே சோதனையின் தொடர்ச்சியில் இன்னொன்றும் தெரிய வந்தது. எப்போதும் முன்னே செல்லும் பெண்களும் உண்டு, எப்போதும் பின்தங்கும் பெண்களும் உண்டு. முன்னே போகும் சிங்கம் அடிக்கடி நின்று, பின்னால் வருபவற்றைத் திரும்பிப் பார்க்கிறது. பின்தங்கியதற்காக எந்தச் சிங்கமும் தண்டிக்கப்படுவதில்லை. ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துப் பழகிய உறவு என்பதைவிட, சோம்பேறிகளையும் தாங்கிக்கொண்டு நடத்தப்படும் கூட்டு என்பதே சரி. ஆபத்து வேளையில் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதற்குப் பின்தங்குபவையும் பயன்படுகின்றன.

ஆண்களின் கூட்டணி

ஆண் குட்டிகள் இரண்டு மூன்று வயதில் பிறந்த கூட்டத்தைவிட்டு வெளியேறுகின்றன, அல்லது புதிதாக வந்த ஆண்களால் விரட்டப்படுகின்றன. ஒன்றாக வளர்ந்த சகோதரர்களும் பெரியம்மா, சித்தி பிள்ளைகளும் சேர்ந்தே அலைவது வழக்கம். தனியே விடப்பட்ட ஆண் இன்னொரு தனி ஆணுடன் சேர்ந்துகொள்வதும் உண்டு. நான்கோ அதற்கு மேலோ கொண்ட கூட்டணிகளில் இருப்பவை உறவினர்களே. இரண்டு மூன்று பேர் கொண்டவற்றில்தான் அந்நியர்களைக் காணலாம். இனம் பெருக்கும் வாய்ப்பு பெரிய கூட்டணியில் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. கடைசி இடத்தில் இருக்கும் ஆணுக்குச் சொந்தக் குட்டி கிடைக்காமலே போகலாம். அண்ணன் தம்பி குட்டிகளும் தன் இரத்தமே என்பதால் உறவினருக்கு அது முழு நட்டம் அல்ல. அந்நியருக்கு முழு நட்டம்.

ஐந்து வயதை நெருங்கும்போது இந்தக் கூட்டணி, ஒரு பெண் கூட்டத்தைக் காத்து நிற்கும் ஆண்களை எதிர்க்கிறது. வென்றால் அந்தக் கூட்டம் அவற்றுக்கு உரியது. பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத்தான். அதற்குள் அடுத்த கூட்டணி வந்துவிடும். போராட்டங்களில் பட்ட காயங்களாலும், தோற்றபின் கிடைக்கும் அரைகுறை உணவாலும், காட்டில் ஆண்கள் 12 வயதைத் தாண்டுவது அரிது. பெண்கள் 15 வயதுக்கு மேலும் வாழ்வதுண்டு.

புதிதாக வந்த ஆண்கள் முதலில் செய்யும் வேலை, பால் குடிக்கும் குட்டிகளைக் கொல்வது. குட்டிகளை வளர்க்கும் தாய் அடுத்த முறை ஈனுவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். ஆண்கள் அங்கே இருக்கப்போவதே அவ்வளவு காலம்தான். குட்டிகள் இறந்துவிட்டால் தாய் விரைவில் மீண்டும் இணை சேரத் தயாராகிவிடும். முந்தைய ஆண்களின் குட்டிகளை அழித்துத் தம் குட்டிகளுக்கு இடம் உண்டாக்கும் இந்த வழக்கமே செரெங்கெட்டியில் குட்டி இறப்புகளில் ஏறத்தாழ கால் பங்குக்குக் காரணம்.

குட்டிகள்

இணை சேரும் காலத்தில் ஓர் ஆணும் பெண்ணும் கூட்டத்தைவிட்டு ஒதுங்கி, மூன்று நான்கு நாள்கள் இரவு பகலாகச் சேர்ந்திருக்கும். சராசரியாக 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இணை சேரும். சினைக்காலம் ஏறத்தாழ 110 நாள்கள். ஈனும் வேளையில் தாய் தனியே சென்று, அடர்ந்த புதரிலோ பாறை இடுக்கிலோ ஒன்று முதல் நான்கு குட்டிகளை ஈனுகிறது. பிறக்கும்போது குட்டியின் எடை ஒன்றரை கிலோ அளவு; கண் திறந்திராது; உடலெங்கும் மங்கலான புள்ளிகள் இருக்கும். மணம் பிடித்துக் கழுதைப்புலியோ சிறுத்தையோ வந்துவிடாதபடி தாய் குட்டிகளை வாயில் கவ்வி அடிக்கடி இடம் மாற்றும்.

ஆறு முதல் எட்டு வாரம் ஆனதும் தாய் குட்டிகளைக் கூட்டத்துக்கு அழைத்து வருகிறது. ஒரே பருவத்தில் ஈன்ற தாய்கள் தம் குட்டிகளை ஒன்றாகவே வைத்து வளர்க்கின்றன. பசித்த குட்டி எந்தத் தாயின் மடியிலும் வாய் வைக்கும். தாய்கள் தம் குட்டிக்கே முன்னுரிமை தந்தாலும், அயர்ந்து தூங்கும்போது மற்றக் குட்டிகளையும் விலக்குவதில்லை. இந்தப் பொதுத் தொட்டிலின் பெரிய பயன் பால் அல்ல, பாதுகாப்பு. அயல் ஆண் வரும்போது ஒரு தாய் தனியே எதிர்த்தால் குட்டிகள் தப்புவது அரிது. பல தாய்கள் சேர்ந்து பாய்ந்தால் சில குட்டிகளாவது மிஞ்சும். இங்கேதான் கூட்டு வாழ்க்கையின் இரண்டாவது காரணம் முழுமையாக வெளிப்படுகிறது.

இவ்வளவு காவல் இருந்தும் பாதிக்கு மேற்பட்ட குட்டிகள் இரண்டு வயதை எட்டுவதில்லை. வறட்சிக் காலத்தில் பட்டினியே முதல் எதிரி. இரை விழுந்த இடத்தில் வளர்ந்தவை தின்றபின் மிஞ்சுவதே குட்டிகளுக்கு; இரை சிறியதானால் எதுவும் மிஞ்சாது.

வேட்டை

சிங்கம் ஒரு நாளில் ஏறத்தாழ 20 மணி நேரம் படுத்தே கிடக்கிறது. அது சோம்பல் அல்ல, உடலமைப்பின் கட்டாயம். அதன் இதயம் உடல் எடையில் ஏறத்தாழ அரை சதவீதம்தான். நெடுந்தூரம் துரத்தும் கழுதைப்புலிக்கு அது ஏறத்தாழ இரு மடங்கு. எனவே சிங்கத்தால் மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாய முடியும், ஆனால் சில நூறு மீட்டர்களுக்கு மேல் தாங்காது. இரையிடமிருந்து முப்பது மீட்டருக்குள் மறைந்து நெருங்கினால்தான் வாய்ப்பு உண்டு. அதற்கு இருட்டு வேண்டும். நிலவில்லாத இரவுகளில் சிங்கங்களின் வயிறு நன்கு நிரம்பியிருப்பதையும், பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அவை பகலிலும் இரை தேடுவதையும் செரெங்கெட்டிப் பதிவுகள் காட்டுகின்றன.

செரெங்கெட்டியில் வில்டபீஸ்ட் என்ற பெரிய மான், வரிக்குதிரை, காட்டெருமை ஆகியவை முக்கிய இரை. இரை சிறியதாகவோ எளிதாகவோ இருந்தால் ஒரு சிங்கம் வேட்டையாட மற்றவை வேடிக்கை பார்ப்பதும் உண்டு. வெட்டவெளியில் வேகமான இரையைப் பிடிக்க நேரும்போதுதான் ஒத்துழைப்பு அவசியமாகிறது. நமீபியாவின் எடோஷா சமவெளியில் பிலிப் ஸ்டாண்டர் பதிவு செய்த வேட்டைகளில் ஒவ்வொரு பெண்ணுக்கும் பழக்கப்பட்ட இடம் இருந்தது. சில பெண்கள் இடமும் வலமும் விலகிச் சுற்றி வளைத்து இரையை விரட்ட, மற்றவை நடுவில் பதுங்கிக் காத்திருந்தன. அவரவர் வழக்கமான இடத்தில் நின்றபோது வெற்றி அதிகம்.

பாய்ந்த சிங்கம் முன்னங்கால்களால் இரையின் பின்புறத்தையோ தோளையோ பற்றி இழுத்துச் சாய்க்கும். விழுந்ததும் தொண்டையைக் கவ்வி மூச்சுக்குழாயை நெரிக்கும். பெரிய காட்டெருமையானால் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கவ்வி மூச்சை அடைக்கும். இரை இறக்கப் பல நிமிடங்கள் ஆகலாம். அதற்குள் மற்றவை தின்னத் தொடங்கிவிடும்.

ஆண்கள் வேட்டையாடுவதில்லை, பெண்கள் கொன்றதைத் தின்றே வாழ்கின்றன என்ற கருத்து பாதி உண்மை. சமவெளியில் பெண்களே அதிகம் வேட்டையாடுகின்றன. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் ஆண்கள் அடர்ந்த புதர்களில் பதுங்கிப் பாய்ந்து இரை பிடிப்பது 2013இல் வெளியான ஆய்வில் தெரிந்தது; மனிதர் பார்வைக்கு எட்டாத இடம் என்பதால் அது முன்பு பதிவாகவில்லை. மற்ற விலங்குகளின் இரையைப் பறிப்பதும் சிங்கங்களின் வழக்கம். தான்சானியாவின் ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தில் கழுதைப்புலிகள் கொன்ற இரையைச் சிங்கங்கள் பறித்துத் தின்பதை ஹான்ஸ் க்ரூக் 1960களில் பதிவு செய்தார். சிங்கத்தின் எச்சிலுக்கு அலையும் விலங்கு என்று கழுதைப்புலிக்கு இருந்த பெயர் அதனால் மாறியது.

பிடரி

பிடரி மயிர் ஒரு வயதையொட்டி முளைத்து, நான்கைந்து வயது வரை வளர்ந்து கருக்கிறது. சண்டையில் கழுத்தைக் காக்கும் கவசம் என்று முன்பு கருதப்பட்டது. பெய்டன் வெஸ்டும் பேக்கரும் வேறு விடை கண்டனர். வெவ்வேறு பிடரி கொண்ட, உண்மையான சிங்கத்தின் அளவிலான பொம்மைகளைச் செரெங்கெட்டியில் நிறுத்தி, சிங்கங்களைத் தூண்டும் ஒலிகளைப் போட்டனர். பெண்கள் கருத்த பிடரியுள்ள பொம்மையை நாடின; ஆண்கள் நீண்ட பிடரியுள்ளதைத் தவிர்த்துக் குட்டைப் பிடரியுள்ளதை அணுகின. கருத்த பிடரி, நல்ல ஊட்டத்துக்கும் ஆண் ஹார்மோன் மிகுதிக்கும் அடையாளம். நீளம், காயங்கள் இல்லாத உடல்நிலைக்கு அடையாளம். இதற்கு விலையும் உண்டு: கருத்த பிடரியுள்ள ஆணின் உடல் அதிகம் சூடேறுவதை வெப்பப் படக்கருவிகள் காட்டின. கடும் வெப்பம் நிலவும் கென்யாவின் ஸாவோவில் பல ஆண்களுக்குப் பிடரியே சரியாக வளர்வதில்லை.

கிர் காட்டில் மாறிய கூட்டம்

சிங்கம் ஒரு காலத்தில் மேற்கு ஆசியா வழியாக வட இந்தியா வரை பரவியிருந்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே இன்று அது எஞ்சியிருப்பது குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியில் மட்டுமே. 19ஆம் நூற்றாண்டின் முடிவில் ஜூனாகட் நவாபின் ஆளுகையில் இருந்த கிர் காட்டில் மிகச் சிலவே மிஞ்சின. வேட்டைக்கு விதிக்கப்பட்ட தடையால் அவை தப்பின. 1965இல் கிர் சரணாலயமானது. 1975இல் அதன் நடுப்பகுதி தேசியப் பூங்காவானது. 1968 கணக்கெடுப்பில் 177 ஆக இருந்த சிங்கங்கள் 2015இல் 523, 2020இல் 674, 2025இல் 891 என்று பெருகின.

கிர் சிங்கத்தின் வயிற்றில் நீளவாக்கில் தோல் மடிப்பு தொங்கும். ஆணின் பிடரி குட்டையானது, காதுகள் வெளியே தெரியும். வாழ்க்கை முறையில் உள்ள வேறுபாடே ஆய்வாளர்களுக்கு அதிகம் பயன்பட்டது. செரெங்கெட்டியின் வில்டபீஸ்ட் 150 கிலோவைத் தாண்டும். கிர் காட்டின் முக்கிய இரையான புள்ளிமான் 50 கிலோ அளவே. ஒரு மானை ஐந்தாறு பெண்கள் பங்கிட முடியாது. எனவே கிர் கூட்டங்கள் சிறியவை. ஆண்களும் பெண்களும் பெரும்பாலும் தனித்தனியே வாழ்கின்றன. இணை சேரும் காலத்திலும், மாடு போன்ற பெரிய இரை விழும்போதும்தான் சேர்கின்றன. ஒரே காட்டில் பல ஆண் கூட்டணிகளின் எல்லைகள் ஒரு பெண் குழுவின் நிலத்தைத் தொட்டு நிற்கின்றன. இந்நிலையில் பெண்கள் ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டணி ஆண்களுடன் இணை சேர்வதை ஸ்தோத்ரா சக்ரவர்த்தியும் யாதவேந்திரதேவ் ஜாலாவும் பதிவு செய்தனர். எது தன் குட்டி என்று ஆணுக்குத் தெரியாதபோது குட்டிகளைக் கொல்லும் வாய்ப்பு குறைகிறது. இரையும் நிலமும் மாறினால் கூட்டத்தின் வடிவமும் தாயின் தற்காப்பும் மாறுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

அச்சுறுத்தல்கள்

ஆப்பிரிக்காவில் இன்று 20,000 முதல் 25,000 சிங்கங்கள் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. பழைய வாழிடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இப்போது இல்லை. நிலம் வயலாகவும் மேய்ச்சல் காடாகவும் மாறியதும், இரை விலங்குகள் கண்ணிகளில் பிடிபடுவதும் முதன்மைக் காரணங்கள். கால்நடையை இழந்த மேய்ப்பர்கள் இரையின் உடலில் நஞ்சு வைக்கும்போது ஒரு கூட்டம் முழுதும் அழியலாம். சேர்ந்து தின்னும் பழக்கம் இங்கே கேடாகிறது. மறுபுறம், 1990க்கும் 2004க்கும் இடையில் தான்சானியாவில் 560க்கும் மேற்பட்ட மனிதர்களைச் சிங்கங்கள் கொன்றன. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க வயலிலேயே இரவில் படுத்தவர்கள் பலர் அதில் அடக்கம்.

சேர்ந்து வாழ்பவற்றிடையே நோயும் விரைந்து பரவும். நாய்களைத் தாக்கும் கேனைன் டிஸ்டெம்பர் வைரஸ் 1994இல் செரெங்கெட்டிச் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கை அழித்தது. அதே வைரஸ் 2018இல் கிர் காட்டின் கிழக்குப் பகுதியில் பரவி, ஒரே மாதத்தில் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. கிர் சிங்கங்களின் மரபணு வேறுபாடு மிகக் குறைவு என்று ஸ்டீபன் ஓபிரையன் குழுவினர் 1987இல் காட்டியிருந்தனர். ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கும் என்ற அச்சத்துக்கு அது அடிப்படை.

எனவே இரண்டாவது இருப்பிடம் வேண்டும் என்று அறிவியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். கிர் சிங்கங்களை ஆராய்ந்த ரவி செல்லம், திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்த ஏ.ஜே.டி. ஜான்சிங் ஆகியோர் அவர்களில் முதன்மையானவர்கள். மத்தியப் பிரதேசத்தின் குனோ காடு தேர்வாகி, அங்கிருந்த 24 கிராமங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சிங்கங்களை அங்கே கொண்டுசெல்ல ஆணையிட்டது. ஆனால் 2022இல் குனோவுக்குச் சிவிங்கிப்புலிகளே வந்தன.

இதற்கிடையே சிங்கங்கள் தாமாகவே பரவுகின்றன. 2025 கணக்கின்படி பாதிக்கு மேற்பட்டவை கிர் காட்டுக்கு வெளியே, வயல்களுக்கும் ஊர்களுக்கும் நடுவே வாழ்கின்றன. போர்பந்தரை அடுத்த பர்டா சரணாலயத்துக்கு 2023இல் ஓர் ஆண் தானே வந்து சேர்ந்தது. 2025இல் அங்கே 17 சிங்கங்கள் எண்ணப்பட்டன. பர்டா கிர் காட்டுக்கு அருகில் இருப்பதால் நோய்க்கு எதிரான முழுக் காப்பாக அது அமையாது. மேலும், சிங்க இனம் ஓரிடத்தில் நிலைப்பதை அலைந்து வரும் ஆண் தீர்மானிப்பதில்லை. தண்ணீரும் மறைவும் இரையும் கண்டு அங்கே குட்டி போட்டு, மகள்களையும் அதே நிலத்தில் வளர்க்கும் பெண்களே தீர்மானிக்கின்றன. அத்தகைய நிலத்தைத் தேர்ந்தெடுத்து ஒதுக்குவதே சிங்கப் பாதுகாப்பின் முதல் தேவை.